கசடில் இரண்டு புள்ளி ஆறு

மெஷின் இரண்டு புள்ளி நான்கு என்று காட்டியதும் நான் முதலில் திட்டியது கரண்டியைத்தான்.

மதியம் ஒன்று முப்பத்தைந்து. அக்டோபர் வெயிலில் லேபின் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது. என் முன்னால் இருந்தது பன்னிரண்டு மணிக்குச் செம்பு உருக்கும் உலையிலிருந்து இறக்கிய கசடின் மாதிரி. உலைக்காரர்கள் நீளமான இரும்புக் கரண்டியில் கொஞ்சம் மொண்டு, தண்ணீரில் கொட்டி உறையவைத்து, பையில் கட்டி அனுப்புவார்கள். அதை இடித்து மாவாக்கி, வில்லையாக அழுத்தி, மெஷினுக்குள் வைத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு செம்பு கசடோடு வீணாய்ப் போகிறது என்று சொல்வது என் வேலை. பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு. நல்ல நாளில் பூஜ்யம் புள்ளி எட்டு வரும். மோசமான நாளில் ஒன்று, ஒன்றே கால். இரண்டைத் தாண்டி அதுவரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் எவனோ செம்புக் குழம்பு மொண்ட கரண்டியைச் சுத்தம் பண்ணாமல் கசடுக்குள் விட்டிருந்தான்.

அதனால் எங்கள் லேபில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒன்றரைக்கு மேல் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. புதிதாக இடித்து, புதிதாக வில்லை போட்டு, இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இரண்டாவது முறையும் அப்படியே வந்தால்தான் உலைக்குச் சொல்லலாம். பெரிய எண்ணைக் கேட்டால் தலைநகர் லுசாகாவில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு வயிறு கலங்கும், அவர்கள் வயிறு கலங்கினால் எங்கள் மேலாளருக்குத் தூக்கம் போகும், அவ்வளவுதான் விஷயம். நான் அந்தப் பழக்கத்தை ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. "கழுவாத பயலுக" என்று முனகிக்கொண்டே மிச்ச மாதிரியை இடிக்கப் போட்டேன்.

இடிக்கும் எந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கிரேன் ஞாபகம் வந்தது.

உலைக்குள் இருப்பது இரண்டு குழம்பு. கனமான செம்புக் குழம்பு அடியில் தங்கும், கசடு அதன்மேல் மிதக்கும். அடியில் ஒரு துளை, அது செம்புக்கு. மேலே ஒரு துளை, அது கசடுக்கு. அடியில் சேரும் செம்பை அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருந்தால் பிரச்சினை இல்லை. எடுக்காமல் விட்டால் அது ஏறிக்கொண்டே போய் மேல் துளையைத் தொடும். அன்று காலை எட்டு மணியிலிருந்து, செம்புக் கொப்பரையைத் தூக்கும் கிரேன் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. அதை நான் மதியம் கேன்டீனில் கபெண்டா மீனைத் தொட்டுக்கொண்டு ந்ஷிமாக் களி உருட்டித் தின்றபோது எல்லோரும் பேசக் கேட்டேன். மேலதிகாரிகள் அத்தனை பேரும் கிரேனைப் பார்க்கக் கடைசிக் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். ஆறு மணி நேரமாக உலையிலிருந்து ஒரு சொட்டு செம்புகூட வெளியே போகவில்லை. கசடை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த கசடு ஒரு வாய்க்காலில் ஓடித் தண்ணீர்த் தொட்டியில் விழும். பீய்ச்சி அடிக்கும் தண்ணீரில் அது சிதறி மணலாகிவிடும். கசடுக்கும் தண்ணீருக்கும் சண்டை இல்லை. ஆனால் அதே தண்ணீரில் செம்புக் குழம்பு விழுந்தால் அது குண்டுதான். அந்தத் தொட்டிக்குப் பத்தடி தூரத்தில் ஒரு தகர அறை இருக்கிறது. அதில் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பெயர் சிலேக்வா. மற்றவர் கபாம்ப்வே, என் புருஷன்.

அடுத்தமுறை கசடு இறக்குவது இரண்டு மணிக்கு.

இடித்த மாவை அவசரமாக அள்ளி அழுத்தினேன். வில்லை ஒன்று உடைந்தது. இன்னொன்று போட்டேன். மெஷின் தன் பாட்டுக்கு நிதானமாக எண்ணியது. எத்தனை அவசரம் என்றாலும் அதற்கு ஆறு நிமிடம் வேண்டும். அந்த ஆறு நிமிடமும் நான் கரண்டியையே வேண்டிக்கொண்டிருந்தேன், அழுக்காயிரு, அழுக்காயிரு என்று.

இரண்டு புள்ளி ஆறு. மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

காலையில் கரண்டு போய் வந்ததிலிருந்து லேபுக்கும் உலைக்கும் இடையே கம்ப்யூட்டர் இணைப்பு வேலை செய்யவில்லை. எண்களைப் போனில்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். உலை கண்ட்ரோல் ரூமில் போனை எடுப்பவர் அன்றைய ஃபோர்மேன். அன்றைய ஃபோர்மேன் ஜெரே.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பெம்பா இனம். ஜெரே கிழக்கே சிபாட்டாப் பக்கத்து ங்கோனி. எங்கள் தாத்தாக்களின் தாத்தாக்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். அப்புறம் சலித்துப்போய் சமாதானம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து பெம்பாவும் ங்கோனியும் கேலிப் பங்காளிகள். எங்கே பார்த்தாலும், எத்தனை பேர் நடுவிலும், ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டலாம், ஏமாற்றலாம், தட்டிலிருக்கும் இறைச்சியைத் திருடலாம். கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் தோற்றவன். மரியாதையாகப் பேசினால் அது இன்னும் கேவலம், ஏதோ உறவை முறித்துக்கொண்ட மாதிரி. எலி பிடித்துத் தின்னும் ஊர்க்காரன் என்பதால் அவர் எனக்கு எலித்தின்னி. எங்கள் ஆட்கள் குரங்கைத் தின்றார்களாம், அதனால் நான் அவருக்குக் குரங்குத்தின்னி. ஐம்பத்திநாலு வயது மனிதரை நான் பதினொரு வருடமாகப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவருக்குப் போன் பண்ணி, கசடில் செம்பு நான்கு வருகிறது, லுசாகாவிலிருந்து வந்திருக்கும் பெரியவர் நேரே உலைக்கே வருகிறார் என்று சொன்னேன். பாவம் மனிதர், சட்டையை மாற்றி, புது ஹெல்மெட் போட்டு, அரை மணி நேரம் வாசலில் வெயிலில் நின்றார். கடைசியில் நான் போய், "பெரியவர் வரலியா? எலி வாசனைக்குப் பயந்துட்டாரோ என்னவோ" என்றேன். ஷிஃப்ட் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் ஜெரேதான். பழிவாங்காமல் விடமாட்டேன் என்று என் தலைத்துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றும் ஜெரே போனை எடுத்தவுடனேயே ஆரம்பித்தார்.

"யாரு, கொரங்குத்தின்னியா? மதியச் சாப்பாட்டுல வாலு மட்டுந்தான் மிஞ்சிச்சா?"

"வெளயாட்டு இல்ல. பன்னெண்டு மணிக் கசடுல செம்பு ரெண்டு புள்ளி ஆறு வருது. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். ரெண்டு மணிக்கு உலையத் தெறக்காத."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அறையில் இருந்தவர்களிடம் எதையோ சொன்னார். அங்கே சிரிப்பு கேட்டது.

"வெள்ளிக்கெழம நாலுன்ன. இன்னைக்கு ரெண்டரையா? கொறஞ்சிருச்சே. பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லாம போச்சா ஒனக்கு?"

"யோவ் எலித்தின்னி, கிரேன் நின்னு ஆறு மணி நேரம் ஆகுதுய்யா, செம்பு மேல ஏறியிருக்கும்யா."

நான் செய்த தப்பு அதுதான். பதற்றத்தில் வழக்கமான பேச்சே வாயில் வந்தது. எலித்தின்னி என்று சொன்ன பிறகு அதன் பின்னால் நான் எதைச் சொன்னாலும் அது பங்காளிப் பேச்சுதான். இதைப் புரிந்துகொள்ள அந்த நேரத்தில் எனக்குப் புத்தி இல்லை.

அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தாயிற்று, செம்பு துளைக்கு ஒரு முழம் கீழேதான் இருக்கிறது என்றார். இந்தத் தடவை பெரியவர் எந்த வாசலில் வருகிறார் என்று கேட்டார். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது, நின்றது. மறுபடி கூப்பிட்டபோது ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தார்கள்.

தொட்டி அறையில் போன் கிடையாது, ரேடியோ மட்டும்தான். எங்கள் செல்போன்களையெல்லாம் காலையிலேயே வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு, தொட்டியில் இருக்கும் இரண்டு பேரையும் ரேடியோவில் வெளியே வரச் சொல்லுங்கள் என்றேன். என் பெயர், பிரிவு, எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான் அந்தப் புண்ணியவான். பிறகு, உலை சம்பந்தமான உத்தரவு உலை ஃபோர்மேனிடமிருந்துதான் வர வேண்டும், லேபிலிருந்து எடுக்க முடியாது என்றான். அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனைப் போட்டேன். மணி ஒன்று ஐம்பத்தாறு.

ஓடினேன்.

லேபிலிருந்து உலைக்கு நானூறு அடி இருக்கும், நடுவில் ஒரு ரயில் பாதை, ஒரு கேட். காலில் ரப்பர் செருப்பு. ஹெல்மெட் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த சிடெங்கே துணி பாதி வழியில் அவிழ்ந்தது, சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் பாவாடையோடு ஓடினேன். கேட்டில் இருந்தவன் ஹெல்மெட் எங்கே என்று கத்தினான். நான் நிற்கவில்லை. தொட்டிக்கு நேரே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் போக உலைக் கட்டிடத்தைச் சுற்றி வர வேண்டும், அது இரண்டு மடங்கு தூரம். உலைக்கு நேராக ஒரு படிக்கட்டுதான். படியேறினேன்.

மேலே போனபோது ட்ரில் ஆரம்பித்துவிட்டது. லெங்வே என்கிற தடியன் ட்ரில்லில் நின்றிருந்தான். கசடுத் துளையை அடைத்திருக்கும் களிமண்ணைக் குடைந்துகொண்டு அது அலறிற்று. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. ஜெரே வாய்க்கால் ஓரத்தில், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட ஹெல்மெட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திரும்பினார். தலைமுடி அவிழ்ந்து, ஒரு செருப்பு இல்லாமல், கையில் துணிச்சுருளோடு, பாவாடையில் ஓடி வரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்றவன் தோளைத் தட்டி என்னைக் காட்டினார். அவன் கண்ணீர் வரச் சிரித்தான். பெம்பாக்காரி இந்த அளவுக்கு இறங்கி வருவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவே மாட்டார். பங்காளிக் கேலியில் இதைவிடப் பெரிய வெற்றி வேறு கிடையாது. இரண்டு விரலைக் காட்டினேன், அப்புறம் ஆறு. அவர் பத்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். கையைப் பிடித்து இழுத்தேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவது மாதிரி இரண்டு அடி வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரை அங்கேயே அறைந்திருப்பேன். அறைந்திருந்தாலும் சிரித்திருப்பார். திட்டினால் கேலி, அடித்தால் கேலி, அழுதாலும் கேலிதான். எங்களுக்குள் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே சிரிப்புதான் இருந்தது.

மண்டியிட்டேன்.

எங்கள் பெண்கள் மாமனாருக்கு மண்டியிடுவோம், இனத் தலைவருக்கு மண்டியிடுவோம். உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டி, கண்ணைத் தாழ்த்திக்கொள்வோம். அது பெரியவர்களுக்குச் செய்வது. கேலிப் பங்காளிக்கு அதை யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்வதில்லை. என் அம்மா செய்ததில்லை, அவள் அம்மா செய்ததில்லை. அந்த இரும்புத் தரை அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. இரண்டு முழங்காலையும் அதில் ஊன்றி, தலையைக் குனிந்து, கையைக் குவித்துத் தட்டினேன். மூன்று முறை தட்டினேன். ஜெரே ஐயா, ஜெரே ஐயா என்று சொன்னேன். அவர் காதில் அது விழுந்திருக்காது.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. யாரோ செத்த செய்தியைக் கேட்டவர் மாதிரி இருந்தார். என் முழங்காலைப் பார்த்தார், உலையைப் பார்த்தார். அடுத்த நொடி லெங்வேயை நோக்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்து ஆட்டினார். ட்ரில் நின்றது. ஆனால் அது குடைந்து முடித்துவிட்டது. உருவியதுமே துளையிலிருந்து சிவப்பாக ஒழுக ஆரம்பித்தது.

"களிமண்ண அடி, அடைச்சுரு!" என்று லெங்வேயிடம் கத்தினார். களிமண் அடிக்கும் எந்திரத்தைத் திருப்பித் துளைக்கு நேராகக் கொண்டுவர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் எங்களிடம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ரேடியோவை எடுத்து, "தொட்டி, வெளிய போ, வெளிய போ" என்றார். பதில் இல்லை. பம்புச் சத்தத்தில் அவர்களுக்கு ரேடியோ எங்கே கேட்கும். ரேடியோவைக் கீழே போட்டார். என்னைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டிப் போகும் குறுகலான நடைபாதையில் இறங்கி ஓடினார். கனத்த மனிதர். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

நான் எழுந்திருக்கக்கூட மறந்துபோய் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது கசடு. கெட்டித் தேன் மாதிரி, மேலே தோல் படிந்து, சோம்பேறியாக நகர்ந்தது. அதன் பின்னால் வேறொன்று வந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, தண்ணீரைப் போல மெலிசாக, கசடை முந்திக்கொண்டு ஓடியது. கந்தக நெடி மூக்கில் ஏறியது. பதினொரு வருடமாகப் பொடியாகவே பார்த்த செம்பை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். லெங்வே எந்திரத்தைத் துளையில் முட்டவைத்து அழுத்தினான். துளை அடைபட்டது. ஆனால் வெளியே வந்தது வந்ததுதான், அது தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

எண்ணினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணினேன். ஒன்பது என்று சொல்லும்போது வெடித்தது.

சத்தத்தை விட அந்தத் தள்ளல்தான் ஞாபகம் இருக்கிறது. யாரோ நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளியது போல மல்லாக்க விழுந்தேன். கூரைத் தகடுகள் பறந்தன. நீராவி சுவர் மாதிரி எழும்பி உலையையே மறைத்துவிட்டது. எழுந்து நடைபாதைக்கு ஓடினேன், லெங்வே இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டான். அவன் கையைக் கடித்தேன். அப்போதும் அவன் விடவில்லை.

நீராவிக்குள்ளிருந்து முதலில் வந்தவர் சிலேக்வா. அவருக்குப் பின்னால் ஒருவர் தவழ்ந்து வந்தார். முதுகுச் சட்டை கிழிந்து தொங்கிற்று, காதில் ரத்தம். என் புருஷன். என்னைப் பார்த்து, வழக்கம்போல எங்கள் பிள்ளை பெயரை வைத்து, "லோம்பே அம்மா, நீ எதுக்கு இங்க வந்த?" என்று கேட்டார், சந்தையில் பார்த்துக்கொண்ட மாதிரி. அவருக்குக் காது கேட்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்கு வேறு யார் ஞாபகமும் வரவில்லை. ஜெரே எங்கே என்று லெங்வே கேட்டபோதுதான் நினைவு வந்தது.

கதவைத் தட்டி இரண்டு பேரையும் வெளியே இழுத்து முன்னால் தள்ளிவிட்டவர் ஜெரே. வெடித்தபோது அவர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கண்ணையும் வாயையும் தவிர எல்லாம் கட்டு. அவர் மனைவி மலிதா தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் முதல் முறை சொன்னபோதே நான் போன் பண்ணியிருந்தால் இருபது நிமிடம் கிடைத்திருக்கும், அந்த இருபது நிமிடத்தில் எல்லோரும் நடந்தே வெளியே வந்திருக்கலாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கிய நான் அதைச் சொல்லாமல் அழுதுகொண்டு நின்றேன். அவர்தான் பேசினார்.

"நீ மண்டி போட்டத எங்காளுங்ககிட்ட சொல்லிராத. அதுக்கப்புறம் ஒங்கள எப்படித் திட்டுறது?"

விசாரணைக்கு வந்தவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். உலையின் அடியில் ஏதோ உறைந்து பொய்த்தரை மாதிரி இருந்ததாம். அளவுக் கம்பி அதில் முட்டி நின்றதால் செம்பு குறைவாகக் காட்டியதாம். ஒன்று முப்பத்தைந்துக்கு வந்த எண்ணை ஏன் ஒன்று ஐம்பத்திரண்டு வரை சொல்லவில்லை என்று கேட்டார்கள். அதுதான் விதி என்றேன். சரி, விதிப்படிதான் செய்திருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டு எழுதுவதற்கு அவர்கள் படிவத்தில் இடம் இல்லை.

ஜெரேயைப் புதைக்கும் அன்று கல்லறைத் தோட்டத்தில் ஷிஃப்ட் முழுக்க இருந்தது. பெண்கள் பாட்டுப் பாடி அழுதார்கள். நானும் என் புருஷனும் பின்னால் நின்றோம். அவருக்கு ஒரு காது அன்றைக்கும் அடைத்துத்தான் இருந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன் மலிதா கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். நேரே வந்து கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா நிக்கிறியே. அவருக்குப் பங்காளி நீதான. வா, வந்து ஒன் வேலயச் செய்."

சாவில் பங்காளிக்கு வேலை இருக்கிறது. எல்லோரும் அழும் இடத்தில் பங்காளிதான் சிரிக்கவைக்க வேண்டும். செத்தவரைத் திட்ட வேண்டும். குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, காசு கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை. முடியாது என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மலிதாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அந்த ஒன்றாவது சரியாக நடக்க வேண்டியிருந்தது.

குழிக்குள் இறங்கினேன். செம்மண் ஈரமாக இருந்தது. மேலே சுற்றிலும் முகங்கள். சப்பணம் போட்டு உட்கார்ந்தேன், முழங்கால் புண் வலித்தது. எனக்கே தெரியாத ஒரு குரலில் கத்தினேன்.

"ஏய் எலித்தின்னி! திருட்டுப் பய! இது என் புருஷனுக்கு வெட்டின குழிடா. யாரக் கேட்டு நீ வந்து படுக்கப் பாக்குற? எந்திரிச்சுப் போ ஒன் ஊருக்கு!"

ங்கோனிக்காரர்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். மலிதா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு குலுங்கினாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. என் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்டிருந்தது. ஐந்து க்வாச்சா, பத்து க்வாச்சா என்று நோட்டுகள் என் மடியில் விழுந்தன. போதும் பங்காளி, மேலே வா என்றார்கள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த இடத்தை விட்டு எழுந்தால் அவர் வந்து படுத்துக்கொள்வார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மண்ணைக் கையால் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மேலே நின்றவர்கள், இந்தப் பெம்பாக்காரிக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இன்னும் காசு போட்டார்கள்.